வேதப் பள்ளிக்கூடமும் எதிர்க்கேள்வி கேட்ட மாணாக்கரும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அதிபர்களின் வரிசையையும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றேன். ஸ்டெதஸ்கோப்புடன் திரிகிறவளுக்கு வரலாறு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆனாலும் நம் பாடசாலையில் படித்த எல்லோருக்கும் சொந்தமான ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பற்றி எழுதலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

சமய பாடவேளை மணி அடித்ததும் வகுப்பு பிரிந்துபோகும். சைவநெறிக்கு ஒரு அறை, கிறிஸ்தவத்துக்கு இன்னொன்று, றோமன் கத்தோலிக்கத்துக்கு மண்டபத்தின் மூலை, இஸ்லாத்துக்கு மாடிப்படியின் கீழ். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஒரே மேசையில் உட்காருவோம். இடைவேளையில்தான் உண்மையான சமய பாடம் நடந்தது. “கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்டால், தோட்டத்தில ஒளிச்சிருந்த ஆதாமை ஏன் எங்கே இருக்கிறாய் என்டு கேட்டவர்?” என்று யாராவது கேட்பார்கள். வேதக்காரப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அல்லது அடுத்த நாள் போதகரிடம் கேட்டுக்கொண்டு வந்து பதில் சொல்லும்.

கிறிஸ்தவரை ‘வேதக்காரர்’ என்றும் அவர்கள் நடத்திய பாடசாலையை ‘வேதப் பள்ளிக்கூடம்’ என்றும் நம் பாட்டிமார் சொன்னார்கள். வேதம் என்ற சொல் முதலில் சைவருடையது. அதைத் தங்கள் நூலுக்குப் பெயராக எடுத்துக்கொண்டவர்கள் மிஷனரிமார். இந்த ஒரு சொல்லிலேயே பிணக்கின் பாதி அடங்கியிருக்கிறது. மற்றப் பாதிதான் இக்கட்டுரை. வேதாகமத்தின் போதனைகளை இந்நாட்டில் மறுத்தவர்கள் யார், வேறு பொருள் கொண்டவர்கள் யார், ஏன் அப்படிச் செய்தார்கள்? அறியாமையினால் மறுத்தார்கள் என்று மிஷன் அறிக்கைகள் எழுதின. நான் வாசித்த அளவில் அது தலைகீழான கூற்று. மறுத்தவர்கள் அந்த நூலை மிக நெருங்கிப் படித்தவர்கள். அவர்களிற் பலர் நம்மைப்போல வேதப் பள்ளிக்கூடத்து மாணாக்கர்.

முதலாமவர் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. 1822இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பாடசாலையை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்க முனைந்தபோது, துணைக்கு எடுத்துக்கொண்டது இந்த இளம் சைவரைத்தான். பல ஆண்டுகள், ஆதியாகமம் தொடங்கி, வசனம் வசனமாக இருவரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1850இல் சென்னையில் அச்சாகிய அந்தத் திருப்புதல் திருச்சபைகளில் நிலைபெறவில்லை. போவர் ஐயரின் குழு செய்து 1871இல் வெளிவந்த திருப்புதலே பின்னர் எங்கும் பரவியது. எனினும் தமிழ் உரைநடையின் வரலாற்றில் பேர்சிவல் திருப்புதலுக்கு ஓர் இடம் உண்டு.

அது அச்சேறும் முன்னரே உதவியாளர் விலகிவிட்டார். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலர் என்ற பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்தில் 1849இல் கிடைத்தது. 1854இல் ‘சைவதூஷணபரிகாரம்’ வெளிவந்தது. சைவத்தின் மேல் மிஷனரிமார் சொன்ன தூஷணங்களுக்கு மறுமொழி என்பது பெயரிலேயே தெரியும். அந்த மறுமொழி எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பு. ஆகமங்களிலிருந்து வந்தது கொஞ்சம், வேதாகமத்திலிருந்து வந்தது நிறைய.

மிஷனரிமார் என்ன சொன்னார்கள்? விளக்கேற்றுவதும் தூபம் காட்டுவதும் படையல் வைப்பதும் தீர்த்தமாடுவதும் அஞ்ஞானம் என்றார்கள். நாவலர் யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் திறந்து காட்டினார். உங்கள் தேவனே கூடாரம் அமைக்கச் சொல்லவில்லையா, குத்துவிளக்கு எரியவேண்டும் என்று கட்டளையிடவில்லையா, தூபவர்க்கம் எப்படிக் கூட்டவேண்டும், அப்பம் எந்த மேசையில் இருக்கவேண்டும், ஆசாரியன் எதை உடுக்கவேண்டும் என்று அளவு முதற்கொண்டு சொல்லவில்லையா? இவை அஞ்ஞானமானால் கட்டளையிட்டவர் யார்? அவை பழைய ஏற்பாட்டோடு முடிந்தன என்று சொன்னால், ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரும் இராப்போசனத்துக்கு அப்பமும் ஏன் இன்னும் வேண்டியிருக்கின்றன? வாதத்தின் போக்கு இதுதான். வேதாகமம் பொய் என்று அவர் முதலில் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் நூலைச் சரியாகப் படிக்கவில்லை என்றார். ஒரு பாதிரியாருக்கு இதைவிடச் சங்கடமான மறுப்பு வேறு இருக்கமுடியாது.

இதில் மொழிபெயர்ப்பும் தன் வேலையைச் செய்தது என்பது என் எண்ணம். தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். பலிபீடம், அபிஷேகம், தூபம், சந்நிதி, ஆசாரியன், ஸ்தோத்திரம், விரதம். ஒவ்வொன்றும் கோயிலுக்குள் புழங்கிய சொல். எருசலேம் ஆலயத்தைப் பற்றிப் பேசுவதற்கு மிஷனரிமாருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கவும் முடியாது. ஆங்கிலத்தில் வாசிக்கும்போது நல்லூருக்கும் எருசலேமுக்கும் இடையே தூரம் இருக்கும். தமிழில் வாசித்தால் அடுத்தடுத்த வீதிதான். அந்தச் சொற்களைத் தேர்ந்த மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

வாதம் நூலைப் பற்றியது மட்டுமன்று. மிஷன் பாடசாலையில் உபாத்தியாயர் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற்றிருப்பது நல்லது என்ற நிலை அக்காலத்தில் இருந்தது. 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையில், படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்த காலமும் உண்டு. பெண் கல்வியின் வரலாற்றை எழுதும்போது இந்தச் சீதனத்தை நாம் மெல்லத் தாண்டிப் போய்விடுகிறோம். நூலோடு சோறும் உத்தியோகமும் கலியாணமும் சேர்ந்து வரும்போது, நூலை மறுப்பவன் அவற்றையும் சேர்த்துத்தான் மறுக்கிறான். வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, ஞானஸ்நானம் பெற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்குத் திரும்பி ‘விவிலிய விரோதம்’ என்று ஒரு நூல் எழுதினார். பழந்தமிழ் ஏடுகளைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்த அதே கண், வேதாகமத்திலும் முரண்களைத் தேடியது. இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றுதான்.

இந்த வாதங்களில் என் மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. லேவியராகமத்தைக் கோயிலோடு ஒப்பிட்டு வாசிக்கத் தொடங்கினால் 12ஆம் அதிகாரத்தில் துடக்கு வந்து நிற்கும். ஆண்பிள்ளை பெற்றவளுக்கு 7 நாளும் அதன்மேல் 33 நாளும், ஆக 40. பெண்பிள்ளை பெற்றவளுக்கு 14உம் 66உம், ஆக 80. நம் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்று ஒரு சைவர் காட்டலாம், அது பழைய உடன்படிக்கையோடு போயிற்று என்று ஒரு போதகர் சொல்லலாம். பிள்ளை பெற்றவளுக்கு அந்த நாள்களில் என்ன நடந்தது, காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் கொண்டுபோக யாராவது அவளைத் தொட்டார்களா என்று அந்த நூற்றாண்டின் கண்டனப் புத்தகங்களில் தேடினேன். என் கைக்கு எட்டியவற்றில் அகப்படவில்லை. பெண்பிள்ளைக்கு ஏன் இரட்டிப்பு நாள் என்று கேட்டவரையும் காணவில்லை. ஆண்கள் இரண்டு அணியாக நின்று நடத்திய விவாதம் அது.

சிங்கள மக்களிடையே இதே காலத்தில் நடந்தது இன்னும் பகிரங்கமானது. பத்தேகமை, உதன்விட்ட என்று தொடங்கி, 1871இல் நம் அயலூரான கம்பளையிலும் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் விவாதங்கள் நடந்தன. உச்சம் 1873 ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் பாணந்துறையில். ஒரு பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், மறுபக்கம் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் அவருக்குத் துணையாக சிறிமான்னவும். ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது.

டேவிட் டி சில்வா ஆன்மாவில் தொடங்கினார். பௌத்தம் ஆன்மா இல்லை என்கிறது, அப்படியானால் பாவத்தின் பலனை அனுபவிப்பது யார் என்று கேட்டார். பாளி மேற்கோள்கள் நிறைந்த அந்தப் பேச்சு கூட்டத்தின் தலைக்கு மேலாகப் போயிற்று என்கிறார்கள். குணானந்தரோ வீட்டு முற்றத்தில் பேசுவதுபோலப் பேசினார். மனிதனைப் படைத்ததற்காக மனஸ்தாபப்பட்ட கடவுள் எப்படி முக்காலமும் உணர்ந்தவர்? எகிப்தில் எந்த வீடு தன் சனத்தின் வீடு என்று அறிய அவருக்கு ஏன் கதவு நிலையில் இரத்த அடையாளம் வேண்டியிருந்தது? நம் இடைவேளைக் கேள்விக்கும் இவற்றுக்கும் இனம் ஒன்றுதான். பத்துக் கட்டளைகளில் தம்மை எரிச்சலுள்ளவர் என்று கடவுள் சொல்லும் இடத்தில், சிங்கள மொழிபெயர்ப்பில் ‘ஜ்வலித’, அதாவது ஒளிவீசும் என்ற சொல்லைப் போட்டு மூடிவிட்டார்கள் என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். ஒரு பிக்கு மொழிபெயர்ப்பின் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் முன் நிற்கிறார் என்றால், அவர் அந்த நூலை எத்தனை இரவு படித்திருக்கவேண்டும்!

விவாதத்தின் ஆங்கில அறிக்கை கடல் கடந்தது. அதை வாசித்த கேணல் ஒல்கொட் 1880 மே மாதம் காலியில் வந்து இறங்கினார். பௌத்த பாடசாலைகள் பெருகின. கண்டியில் மகாமாயா 1932இல் எழுந்தது அந்த அலையின் தொடர்ச்சிதான். நாவலரின் பாடசாலையும் ஒல்கொட்டின் பாடசாலைகளும் வேதப் பள்ளிக்கூடத்தின் நேரசூசியையும் வாங்குகளையும் பரீட்சைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு, நூலை மட்டும் மாற்றின.

பாணந்துறையில் கேட்ட ஆன்மாக் கேள்விக்கு ஒரு பின்கதை உண்டு. நூறு ஆண்டு கழித்து, 1975இல், லின் டி சில்வா என்ற மெதடிஸ்த குருவானவர் பௌத்தத்திலும் கிறிஸ்தவத்திலும் ‘நான்’ என்பது எது என்று ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். உடலைவிட்டுத் தனியே வாழும் அழியா ஆன்மா என்ற கருத்து கிரேக்கரிடமிருந்து வந்தது, எபிரேய வேதத்தில் மனிதன் தூசியும் மூச்சும் சேர்ந்த ஒரே உயிர், அவனுக்குத் தன்னில்தானே நிலைக்கும் பொருள் எதுவும் இல்லை, அந்த அளவில் புத்தர் சொன்ன அனாத்ம போதனை வேதாகமத்துக்கு அந்நியமானதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். டேவிட் டி சில்வா எதை வைத்து எதிராளியை அடிக்க நினைத்தாரோ, அதை அதே சபையின் இன்னொரு டி சில்வா கீழே வைத்துவிட்டார். குணானந்தர் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். உடம்பை அறுத்துப் படித்த எனக்கும் இந்த வாசிப்புப் பிடித்திருக்கிறது. ஆனால் இதைப் பிரசங்க பீடத்திலிருந்து ஒரு மரண வீட்டில் சொல்ல எத்தனை போதகர்கள் துணிவார்கள் என்பது வேறு விடயம்.

மறுப்பதற்கும் மாற்றி வாசிப்பதற்கும் நடுவே சேர் பொன். இராமநாதன் நிற்கிறார். சொலிசிட்டர் ஜெனரல் பதவியில் இருந்த காலத்திலேயே ‘ஸ்ரீ பரானந்தர்’ என்ற பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898இலும் யோவான் சுவிசேஷத்துக்கு 1902இலும் ஆங்கிலத்தில் உரை வெளியிட்டார். இயேசு ஒரு ஞானி, ஞானியின் அனுபவம் பெற்றவரே அவர் வாக்குக்குப் பொருள் சொல்லக்கூடியவர், மேல்நாட்டுத் திருச்சபைகள் அந்தத் திறவுகோலைத் தொலைத்துவிட்டன என்பது அவர் துணிபு. சைவ சித்தாந்த மண்ணில் நின்று அவர் சுவிசேஷத்தை வாசித்த விதம் அழகானது. ஆனால் அந்த வாசிப்பில் யாருக்கும் எதுவும் உறுத்தாது. ஐசுவரியவானையும் ஊசியின் காதையும் பற்றிய உவமைகூட ஆத்ம சாதனையாக உருகிவிடும். 1913இல் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியை நிறுவிய அதே பெருமகன், டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார் என்பதையும் பழைய மாணவியர் மலரில் ஒரு வரி எழுதிவைக்கலாம். அவர் இறந்த மறு ஆண்டு, 1931இல், நாம் வாக்களித்தோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்னாபிரிக்காவின் நேற்றாலில் அங்கிலிக்கன் பேராயராக இருந்த கொலென்சோ, வேதாகமத்தைச் சூலு மொழியில் ஆக்கிக்கொண்டிருந்தபோது, துணைக்கு இருந்த வில்லியம் இங்கிடி நோவாவின் பேழைக் கதை உண்மையாகவே நடந்ததா என்று கேட்டார். பேராயரால் ஆம் என்று மனமறியச் சொல்ல முடியவில்லை. 1862இல் மோசேயின் நூல்களைப் பற்றித் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். மறு ஆண்டு திருச்சபை அவரைப் பதவி நீக்கியது. பேர்சிவலும் ஆறுமுகம்பிள்ளையும் உட்கார்ந்த மேசை போன்றதே அதுவும். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றபின், தமக்குச் சொல்லித்தந்த கன்னியாஸ்திரிமாரோடு கொள்கை கொள்கையாக வாதாடினார். இந்தியப் பெண்கள் அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் இருக்கலாகாதா என்று கேட்டவர் அவர். பின்னாளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தாமே வேதாகமத்தை மராத்தியில் ஆக்கினார். அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்ற்றான்ரன் 1895இல் பெண்களைப் பற்றிய பகுதிகளுக்கு மாத்திரம் உரை எழுதி ‘பெண்ணின் வேதாகமம்’ என்று வெளியிட்டபோது, அவர் தலைமை தாங்கியிருந்த வாக்குரிமைச் சங்கமே அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இனி மலையகத்துக்கு வருவோம். ‘சைவதூஷணபரிகாரம்’ வந்த அதே 1854இல் கண்டிப் பகுதியில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். பெயரைக் கவனியுங்கள். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். வேலைக்காரர் எசமானுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று பவுல் எழுதியது துரையின் காதுக்கு இனித்திருக்கும். இஸ்ரவேலர் எகிப்தில் செங்கல் சுமந்த கதையும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. அதை லயத்தில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

யாத்திராகமத்தை ஒடுக்கப்பட்டோரின் விடுதலை நூலாக வாசிப்பது 1970களில் உலகெங்கும் பரவியது. கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தோட்ட மக்களோடு நின்றது அந்த உணர்வோடுதான். ஆனால் மலையகத்தில் அந்தக் கதை அப்படியே பொருந்தவில்லை. மோசேயின் சனத்துக்குப் புறப்பாடு விடுதலை. நம் சனத்துக்கோ புறப்பாடே தண்டனை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன புகைவண்டியைச் சனம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. கானான் என்று ஒன்று இருந்தால் அது அவர்கள் காடழித்துத் தேயிலை நட்ட இந்த மலைதான், அங்கிருந்துதான் இறக்கப்பட்டார்கள். போய்விடு என்றல்ல, இருக்கவிடு என்று பார்வோனிடம் கேட்கவேண்டிய சனத்துக்கு அந்தப் புத்தகத்தை யார் வாசித்துக் காட்டுவது?

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரம் பித்தளைச் சாமான் கடைகளைக் கடந்து போகிறவர்களுக்கு அங்கே இலங்கை இறையியல் கல்லூரி இருப்பது தெரியும். 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ட் சபைகள் ஒன்றுகூடித் தங்கள் குருமாரைப் பயிற்றுவிக்க நிறுவியது அது. முக்கியமான சங்கதி, படிப்பிக்கும் மொழிகள் சிங்களமும் தமிழும். சிங்களம் மட்டும் சட்டம் வந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இடமும் ஏற்ற இடம். கூப்பிடு தூரத்தில் கடலாதெனிய விகாரை, 14ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியச் சிற்பியின் கையால் திராவிடப் பாணியில் எழுந்த பௌத்த ஆலயம். அப்பால் லங்காதிலகவில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஒருவர் சமயத்தை மற்றவர் கல்லில் எழுதுவது இந்தச் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதன்று.

கண்டி நகருக்குள் இதற்கு முன்மாதிரியும் இருந்தது. திரினிட்டி கல்லூரியை நம்மில் பலர் றகர் ஆட்டத்துக்காக மட்டுமே அறிந்திருப்போம், அல்லது இங்கே எழுத முடியாத வேறு காரணங்களுக்காக. அதன் சிற்றாலயம் 1935இல் அபிஷேகம் செய்யப்பட்டது. கண்டி அரச மண்டபத்தை நினைவூட்டும் கருங்கற்றூண்கள். சுவரில் டேவிட் பெயின்ரர் தீட்டிய சித்திரங்கள். இயேசுவுக்குத் தாடியில்லை, வெள்ளைத் தோலும் இல்லை. சிலுவை நிற்பது நம் நாட்டுக் கண்டல் காட்டில். எழுத்தால் செய்யத் தயங்கியதைத் தூரிகை முன்னமே செய்துவிட்டது.

பிலிமத்தலாவையின் இரு மொழி வகுப்பறையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது யோசுவாவின் புத்தகம். தெரிந்துகொள்ளப்பட்ட சனம், வாக்களிக்கப்பட்ட நாடு, அங்கே ஏற்கெனவே இருந்த குடிகளை விரட்டும் யுத்தம். காணிக்காகவும் மொழிக்காகவும் முப்பது வருடம் எரிந்த நாட்டில், இடம்பெயர்ந்த கிராமத்திலிருந்து ஒருவரும் மகாவம்சம் கேட்டு வளர்ந்த கிராமத்திலிருந்து ஒருவரும் வந்து, அந்த அதிகாரங்களை ஒரே கூரையின் கீழ் படிக்கவேண்டும். இருவரில் யார் கானானியர்? இதற்கு எரிக்கோவின் மதிலைப் பற்றிய பழைய உரை போதாது. புதிதாக வாசிக்கவேண்டும் என்ற நெருக்கடி இங்கே மேல்நாட்டு நூலிலிருந்து வரவில்லை, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரிடமிருந்து வருகிறது.

மாற்றி வாசித்ததற்கு விலை கொடுத்தவரும் நம் நாட்டில் உண்டு. அமலமரித் தியாகிகள் சபையின் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990இல் ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்ற நூலை வெளியிட்டார். மரியாள் கண்ணைத் தாழ்த்தி நிற்கும் பொம்மையல்ல, வலியோர் ஆசனத்தை விட்டுத் தள்ளப்படுவார்கள், பசித்தவர் நிறைவு பெறுவர் என்று பாடிய ஏழைப் பெண் என்றார். ஜன்மபாவம் பற்றிய போதனையையும் கேள்விக்கு உட்படுத்தினார். றோமாபுரி ஒரு விசுவாச அறிக்கையில் கையொப்பமிடச் சொன்னது. பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்ற வாசகமும் அதில் அடங்கும். அவர் மறுத்து, பாப்பரசர் 6ஆம் பவுலின் விசுவாசப் பிரமாணத்தில் கையொப்பமிட்டு அனுப்பினார். 1997 ஜனவரியில், 72 வயதில், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஓராண்டு கழித்து விலக்கு நீங்கியது. அவர் சொன்ன எல்லாவற்றோடும் உடன்படவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெபியின் முன்னால் மாதாவைப் பார்த்து அடக்கம் பழகும்படி சொல்லப்பட்ட தலைமுறைகள் நாம். அந்தச் சிலை வாய் திறந்து பாடியதை ஞாபகப்படுத்தியவரை வெளியே நிறுத்தியது சிறிய காரியமன்று.

பவுலின் வாக்கியமும் அப்படித்தான். சபையில் பெண்கள் பேசாதிருக்கவேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் முன்னே பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடவேண்டும் என்கிறார். பேசாதவள் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்வாள்? ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் பெபேயாளுக்கு அவர் கொடுத்த கிரேக்கச் சொல்லும், ஆண்களுக்கு வரும்போது ஊழியர் என்றும் உதவிக்குரு என்றும் பெயர்க்கப்படும் சொல்லும் ஒன்றே. யூனியாள் என்ற பெண் அப்போஸ்தலரோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதைப் பொறுக்காமல், பல மொழிபெயர்ப்புகள் அவளை ஆணாகவே மாற்றின. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியவர்கள் வேதாகமத்தை வெறுத்தவர்கள் அல்லர், அதைக் கையில் பிடித்துக்கொண்டு பலிபீடத்தண்டை நிற்க விரும்பிய பெண்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்களைக் குருவாக்கத் தொடங்கியது, 2013இல் பெண் பேராயரையும் கண்டது. நம் நாட்டிலும் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் இன்று பெண் குருமார் இருக்கிறார்கள்.

வைத்தியர் என்ற முறையில் ஒரு பகுதியைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணின் கதை. லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரப்படி அவள் துடக்குக்காரி, அவள் தொட்டதெல்லாம் துடக்கு. அவள் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னாலிருந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். பிரசங்கங்களில் இது அவளுடைய விசுவாசத்தின் கதை. இன்று பெண்கள் வாசிக்கும்போது கேட்பது வேறு: இரத்தம் போகும் ஒரு பெண்ணைப் பன்னிரண்டு வருடம் ஒருவரும் தொடாதபடி வைத்தது எது? தொட்டவளை அவர் கடிந்துகொள்ளவில்லை, குளித்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை, மகளே என்று கூப்பிட்டார். நாவலரும் போதகர்களும் துடக்கை வைத்து வாதாடியபோது இந்தப் பெண்ணை நடுவில் கொண்டுவந்து நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. அவள் பல வைத்தியரிடம் போய், கைப்பணத்தையெல்லாம் செலவழித்து, குணமாகாமல் இன்னும் மோசமானாள் என்று மாற்கு பச்சையாக எழுதிவிடுகிறார். அதே கதையை எழுதும் லூக்கா, மரபின்படி ஒரு வைத்தியர், அவளை ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மோசமாக்கியதைப் பற்றி மூச்சில்லை.